உறியைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு திருமங்கலத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டிருக்காங்கடா. உன் மருமகன் வகுப்பைக் கவனிக்கவே மாட்டேங்கிறானாம்." ஆறாம் வகுப்புப் பையன். கணக்கு நோட்டு பாதியில் நிற்கிறது, பக்கத்துப் பையனோடு ஓயாத பேச்சு, மிச்ச நேரம் ஜன்னல். மார்க் எவ்வளவு என்று கேட்டேன். 96. மார்க்கும் வாங்குகிறான், கவனிக்கவும் மாட்டேன் என்கிறான், இவனை எதற்கென்று திட்டுவது என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய், அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தேன். என்னடா விஷயம் என்றேன். "ஒரு பயிற்சியில பன்னெண்டு கணக்கு மாமா. மொத ரெண்டு போட்டதுமே புரிஞ்சிருச்சு. மிச்சம் பத்தும் அதே கணக்குதான், நம்பர் மட்டும் வேற. அதை எதுக்கு எழுதணும்?"

நான் மதுரை செல்லூரில் இருபது வருடமாகச் சாயங்காலம் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவன். அவன் கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இஞ்சி மரப்பா வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

பொங்கலுக்கு ஊர் மந்தையில் உறியடி பார்த்திருப்பீர்கள். பானை கட்டிய கயிற்றின் மறுமுனையை ஒருவர் பிடித்திருப்பார். ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது. பானையைத் தலைமட்டத்தில் தொங்கவிட்டால் முதல் பையன் ஒரே அடியில் உடைத்துவிடுவான், கூட்டம் கலைந்துவிடும். ஆலமரக் கிளை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் நாலு தரம் எம்பிப் பார்த்துவிட்டு ஐந்தாம் தரம் எவனும் வரமாட்டான். கம்பு நுனி உரசியும் உரசாமலும் போகிற உயரத்தில் வைத்து ஆட்டினால்தான், சுற்றி நின்று தண்ணீரை வாரி இறைத்தாலும் பையன் விடாமல் எம்பிக்கொண்டிருப்பான்.

படிப்புக்கும் அப்படி ஓர் உயரம் உண்டு என்று சொன்னவர் லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர். 1934இல், 37 வயதிலேயே காசநோயால் இறந்துபோனார். ஒரு பிள்ளை யார் துணையும் இல்லாமல் செய்துவிடுகிற வேலைகள் ஒரு பக்கம். யார் வந்து உதவினாலும் இன்றைக்கு முடியாத வேலைகள் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு பெரியவரோ விவரம் தெரிந்த கூட்டாளியோ லேசாகக் கைகொடுத்தால் பிள்ளை செய்துவிடும் வேலைகள் அதில் இருக்கின்றன. கற்பது அங்கேதான் நடக்கிறது, கற்பிக்கிறவர் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பி.எட். படித்தவர்கள் இதற்கு ஒரு நீளமான பெயர் சொல்வார்கள். நமக்கு உறி போதும்.

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கயிறு ஒன்றுதான். டீச்சர் அதை நடுவாந்தரமான பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கட்டுகிறார். அதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. எட்டாத பிள்ளை தவிப்பது எல்லோர் கண்ணிலும் படும். பானையை முதல் நிமிடத்தில் உடைத்துவிட்டு மீதி முப்பத்தொன்பது நிமிடம் சும்மா நிற்கிற பிள்ளை கண்ணில் படுவதில்லை, குறும்பு செய்தால் ஒழிய.

சும்மா நின்றால் என்ன, மார்க்தான் வருகிறதே என்று அக்கா கேட்டாள். எனக்கு உண்மையான கவலையே அதுதான். சலிப்பைக்கூட விட்டுவிடலாம், எல்லோருக்கும்தான் சலிக்கிறது. ஆறு வருடம், ஏழு வருடம் எதற்குமே திணறாமல் வருகிற பிள்ளைக்குத் திணறும்போது என்ன செய்வது என்றே தெரியாமல் போகிறது. என் ட்யூஷனில் வருடா வருடம் இந்தக் கதை பிளஸ் ஒன்னில் நடக்கும். பத்தாவதில் கணக்கில் நூறு எடுத்த பிள்ளை, பிளஸ் ஒன் முதல் இடைப்பருவத் தேர்வில் 40 எடுத்துவிட்டு வந்து உட்காரும். பாடம் கடினமானது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஒரு கணக்கை அரை மணி நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பழக்கமே அதற்கு இல்லை. பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் 'எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறது. சுமாராகப் படித்து வந்த பிள்ளை அப்படிக் கலங்குவதில்லை. அதற்கு இது பழகிய வலி.

இதில் நம் வாயும் கொஞ்சம் வேலை செய்கிறது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதலில் எளிய புதிர்கள். போட்டு முடித்ததும் சில பிள்ளைகளிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். அப்புறம் என்ன மாதிரி புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்ற பட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு நன்றாக வரும் புதிர்களையே கேட்டார்கள். கடினமான புதிர் கொடுத்துத் தோற்கவைத்த பிறகு, மறுபடி எளிய புதிர் கொடுத்தாலும் முன்பைவிடக் குறைவாகவே போட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் முன்பைவிடக் கூடுதலாகப் போட்டார்கள். இந்தச் சோதனையின் மேல் பிற்காலத்தில் எழுப்பப்பட்ட பெரிய பெரிய வாக்குறுதிகள் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே "இவன் படிக்கவே மாட்டான், ஆனா ஃபர்ஸ்ட் ரேங்க்" என்று நாம் பெருமையடிக்கும்போது பிள்ளை காதில் விழுவது என்ன என்று யோசித்துப் பாருங்கள். படித்தால் கௌரவம் போய்விடும் என்றுதானே விழும்?

சரி, வகுப்பைக் கவனிக்காத பிள்ளையெல்லாம் சூட்டிகையால்தான் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளைக்கே தெரியாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கும். தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறிய வருடமா, யாராவது மிரட்டுகிறார்களா, எழுத்துக் கூட்டுவதில் சிரமமா என்றும் பாருங்கள். பேச்சில் வெளுத்துக் கட்டுகிற பிள்ளைக்கும் வாசிப்பில் கோளாறு இருக்கலாம். இதெல்லாம் இல்லை, பாடத்தைக் கேட்டால் கடகடவென்று சொல்கிறது, நோட்டு மட்டும் காலி என்றால் உறிதான் தாழ்ந்திருக்கிறது.

அக்கா வீட்டுக்காரர் உடனே ஒரு தீர்வு சொன்னார். ஏழாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதே வாங்கிக் கொடுத்துவிடலாம். பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். இதனால் இந்த வருட ஜன்னல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து இரண்டாம் தரம் அதையே கேட்கும்போது சலிப்பு இரட்டிப்பாகும். அந்தக் காலத்து 'டபுள் புரமோஷன்' கொடுத்துவிடலாமே என்பார் எங்கள் அப்பா. 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு வயதுக்கேற்ற வகுப்பு என்பதே நடைமுறை. அது இல்லாவிட்டாலும் பதினோரு வயதுப் பையனைப் பதின்மூன்று வயதுப் பையன்களோடு கபடி ஆட விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு வழக்கமான வைத்தியம், சீக்கிரம் முடித்தவனுக்கு மேலும் பத்துக் கணக்கு. இது தண்டனை. வேகமாகப் போட்டால் வேலை கூடும் என்று இரண்டே நாளில் கற்றுக்கொண்டு பிள்ளை மெதுவாகப் போடத் தொடங்கிவிடும். முடித்தவனை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வதும் உண்டு. எப்போதாவது என்றால் நல்லது, சொல்லிக்கொடுக்கும்போது நமக்கே புரியாத இடம் தெரியும். தினமும் என்றால் அவன் படிக்க வந்தானா, சம்பளமில்லாத வாத்தியார் வேலைக்கு வந்தானா? ஆறாம் வகுப்பிலேயே நீட்டுக்கு 'ஃபவுண்டேஷன்' என்று வருகிற விளம்பரங்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை, இரத்த அழுத்தம் ஏறும்.

பரிசு விஷயம் மட்டும் கொஞ்சம் விளக்கமாக. நோட்டு முடித்தால் சைக்கிள் என்று சொல்லலாமா என்று அக்கா கேட்டாள். 1973இல் மார்க் லெப்பரும் அவர் கூட்டாளிகளும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்த வேலை கூலி வேலையாகிவிட்டது. பிள்ளைக்குப் பிடிக்கவே பிடிக்காத நோட்டு எழுதும் வேலைக்குச் சின்னப் பரிசு கொடுப்பதில் பெரிய பாதகம் இல்லை. ஆசையாகச் செய்கிற கணக்குக்கு விலை வைக்காதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? பாடத்தை மாற்ற வேண்டியதில்லை, கேள்வியைத் திருப்பிப் போட்டாலே உறி ஏறிவிடும். அன்றைக்கு அவன் நோட்டில் பாதியில் நின்றது மீச்சிறு பொது மடங்கு. மாட்டுத்தாவணியில் ஒரு பஸ் 12 நிமிடத்துக்கு ஒன்று, இன்னொரு பஸ் 18 நிமிடத்துக்கு ஒன்று, இப்போது இரண்டும் சேர்ந்து கிளம்பின, மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும்? இந்த மாதிரிக் கணக்குதான். 36 என்று வாயாலேயே சொல்லிவிட்டான். நான் திருப்பிக் கேட்டேன். "சரி, விடை 36 வர்ற மாதிரி எத்தனை ஜோடி எண் இருக்கு? எல்லாத்தையும் கண்டுபிடி. ஒண்ணுகூட விடக்கூடாது."

முதலில் கையை வீசிக்கொண்டு ஆரம்பித்தான். 1, 36. 2, 36. 3, 36. இப்படி 36ஐ வைத்தே ஒன்பது ஜோடி வந்தது. 36, 36ஐயும் சேர்க்கலாமா என்று கேட்டான், சேர்த்துக்கொள் என்றேன். 12, 18 ஏற்கெனவே பஸ் கணக்கில் இருந்தது. பத்து, முடிந்தது என்றான். இன்னும் இருக்கு என்றேன். முகம் சுருங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் 4, 9 கிடைத்தது. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் அக்கா போனில் சொன்னாள், பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனானாம். செவ்வாய்க்கிழமை ராத்திரி அவனே கூப்பிட்டான். 4, 18. 9, 12. மொத்தம் 13. "இதுக்கு மேல இல்ல மாமா." எப்படித் தெரியும் என்றேன். அதற்கு அவன் சொன்ன பதில் பாதி சரி, பாதி குழப்பம். ஆனால் இரண்டு நாள் ஒரே கணக்கோடு இருந்திருக்கிறான், வகுப்பில் பத்துக் கணக்கு எழுதச் சலித்த அதே பையன்.

அப்புறம் அடுத்த படி. 36க்கு 13 ஜோடி. 32க்குப் போட்டுப் பார், ஆறுதான் வரும். 30க்குப் போடு, 14 வரும். 30 சின்ன எண்ணாயிற்றே, அதற்கு எப்படி அதிகம்? இதற்கு விடை அந்த எண் எந்தெந்தப் பகா எண்களால் ஆனது என்பதில் இருக்கிறது. அதுவும் ஆறாம் வகுப்புப் பாடம்தான். வெளியிலிருந்து ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விடையைக் கொடுத்துக் கேள்வியைக் கேட்பது, 'எல்லாவற்றையும் கண்டுபிடி' என்பது, 'இதற்கு மேல் இல்லை என்று எப்படித் தெரியும்' என்பது. எந்தப் பயிற்சியையும் இந்த மூன்றாலும் ஏற்றிக் கட்டலாம். கணக்கு தெரியாத பெற்றோரும் கேட்கலாம், விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கணக்கில் நாட்டமில்லாத பிள்ளை என்றால்? மதுரையில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்படக்கூடாது. என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளையின் அம்மா பூக்கட்டி விற்பவர். தினமும் மல்லிகை கிலோ என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன், தேதி, கிழமை, முகூர்த்த நாளா இல்லையா என்பதோடு. கோடையில் சில நூறுக்கு விழுகிற பூ, பனிக்காலத்தில் ஆயிரங்களைத் தொடுகிறது. ஏன் என்று கேட்டால் "தை மாசம் கல்யாணம் நிறைய" என்றுதான் முதலில் சொன்னாள். அப்படியானால் கல்யாணமே இல்லாத மார்கழியில் ஏன் ஏறுகிறது? அங்கே மாட்டிக்கொண்டாள். அம்மாவிடம் கேட்டு, அம்மா வியாபாரியிடம் கேட்டு, பனியில் மொட்டு வரத்து குறைந்துவிடுகிறது என்பது வரை வந்து சேர்ந்தாள். தேவையும் வரத்தும் விலையை எப்படி ஆட்டுகின்றன என்பதை நான் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மொழியில் ஆசையுள்ள பிள்ளையைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்துகளை, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். அப்புறம் வகுப்பில் கூட்டாளியோடு அதில் ரகசியக் கடிதம் ஓடும். டீச்சரிடம் பிடிபட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போனால் நீங்கள் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டாதீர்கள். இரண்டு மணி நேரம் அலையவிடுங்கள். படம் பார்த்துவிட்டு வந்தாலும் சரி. ஆடுபுலி ஆட்டம் தெரிந்த தாத்தா வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று புலி, பதினைந்து ஆடு. சும்மா விட்டுக்கொடுக்காமல் பேரனைத் தோற்கடிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பேசுவது தனிக் கலை. "உங்க பாடம் எங்க பையனுக்குப் பத்தல" என்று தொடங்கினால் கதவு அன்றைக்கே சாத்திவிடும். அக்காவிடம் நான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "டீச்சர், பயிற்சியில கடைசி ரெண்டு கணக்கை அவன் முதல்ல போடட்டும். அதைச் சரியாப் போட்டுட்டா மிச்சத்துல பாதி எழுதினாப் போதும்னு விடலாமா? தப்பாப் போட்டா எல்லாத்தையும் எழுதட்டும்." டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கணக்குக்கு மட்டும் சரி என்றாராம். நோட்டுத் திருத்த யாராவது வந்தால் என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு. அதுவும் நியாயம்தானே. பாதியாவது எழுதத்தான் வேண்டும் என்று நானும் சேர்த்துக்கொண்டேன். பிடிக்காத வேலையைச் செய்கிற பழக்கமும் ஒரு பிள்ளைக்குத் தேவை. நாள் முழுக்க அதுவே என்றால்தான் கெடுதல்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிற பிள்ளை என்றால் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசுக் கல்வி உதவித்தொகைத் தேர்வு வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் மனத்திறன் தாள் என்று ஒன்று உண்டு. 90 கேள்விகள், எண் தொடர், உருவ ஒற்றுமை, சங்கேத மொழி என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே இருப்பவை. சலித்துப்போன பிள்ளைக்குப் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், விளையாட்டாகவே போடும். கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. கணக்கில் வெறி பிடித்த பிள்ளை எட்டாவதிலிருந்து கணித ஒலிம்பியாடின் முதல் சுற்றை எழுதலாம். அந்தக் கணக்குகள் கஷ்டமானவை, தோற்பதற்கென்றே எழுதலாம். ஆனால் இவற்றையும் ராத்திரி பத்து மணி வரை கோச்சிங் ஆக்கிவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இவ்வளவு சொல்கிறேனே, நம் பையன் தலைகீழாக மாறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். பேச்சு குறையவில்லை. சமூக அறிவியல் நோட்டு இன்னும் பாக்கி என்று அக்கா நேற்றும் புலம்பினாள். போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு அவனிடமிருந்து போன். "மாமா, 60க்குப் போட்டேன். 23 ஜோடி வருது. நூறு வரைக்கும் எந்த எண்ணுக்கு அதிகமா வரும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"உங்களுக்கே தெரியாதா?" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

84க்கும் 23தான் வருகிறது. 72க்கு 18. ட்யூஷன் முடிந்து பிள்ளைகள் போன பிறகு நானும் ஒரு தாளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். 90 இன்னும் பாக்கி.